உங்கள் தெருச் சாலைக்கு எத்தனை கையெழுத்து?

டெண்டரில் தொடங்கி பில் வரை... உள்ளாட்சிப் பணி ஒன்று கடந்துவரும் பாதையும், தாம்பரம் சொல்லும் பாடமும்!

குரோம்பேட்டை, பம்மல், செம்பாக்கம், கிழக்குத் தாம்பரம் என்று சென்னையின் தென்புறநகரில் எந்தப் பழைய தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி கண்ணில் படும். வாசற்படி ஏறிப் போகவேண்டிய வீட்டுக்குள், இரண்டு படி இறங்கித்தான் போகவேண்டியிருக்கும். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு வீட்டைக் கட்டியவர் சாலையைவிட உயரமாகத்தான் கட்டியிருப்பார். வீடு இறங்கவில்லை. சாலைதான் ஏறிவிட்டது.

பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுத் தார் போடுவது. சில ஆண்டுகள் கழித்து அதன் மேலே இன்னொரு முறை. இப்படியே போனால் ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான். இதற்காகவே 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதற்குப் பிறகு 'மில்லிங்' என்ற வார்த்தை தெருமுனைப் பேச்சிலும் இடம்பிடித்தது.

ஆனால், சாலையைச் சுரண்டவேண்டும் என்று அறிவுறுத்தியவர் கோட்டையில் இருந்தார். சுரண்டினார்களா, இல்லையா என்று பார்க்க வேண்டியவர்கள் தெருவில் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மதிப்பீடு, டெண்டர், மன்றத் தீர்மானம், பணி ஆணை, அளவுப் புத்தகம், பில் என்று ஒரு நீண்ட காகிதப் பாதை இருக்கிறது. அந்தப் பாதை தெரிந்தவர்களுக்கு, எந்த இடத்தில் நின்று என்ன கேள்வி கேட்கவேண்டும் என்பதும் தெரியும்.

ஒரு தெருவின் காகிதப் பயணம்

ஒரு தெருவுக்குச் சாலை வேண்டும் என்று கவுன்சிலர் கேட்கிறார், அல்லது மக்கள் மனு கொடுக்கிறார்கள். உதவிப் பொறியாளரோ இளநிலைப் பொறியாளரோ வந்து அளந்து பார்த்து, மதிப்பீடு தயாரிக்கிறார். நீளம், அகலம், கனம், ஜல்லி, தார், ஆள்கூலி எல்லாவற்றுக்கும் அரசு நிர்ணயித்த விலைப்பட்டியல் உண்டு. அதன்படிதான் மதிப்பீட்டுத் தொகை வரவேண்டும்.

அடுத்து இரண்டு அனுமதிகள். இந்தப் பணியைச் செய்யலாம், இந்த நிதியிலிருந்து செலவழிக்கலாம் என்பது நிர்வாக அனுமதி. இந்த வடிவமைப்பும் கணக்கும் சரி என்று அதற்குரிய நிலையில் உள்ள பொறியாளர் கொடுப்பது தொழில்நுட்ப அனுமதி. இந்த இரண்டும் வந்த பிறகுதான் டெண்டர். அரசுத் தமிழில் ஒப்பந்தப்புள்ளி.

இங்கேதான் தமிழ்நாட்டுக்கென்று ஒரு பெருமை இருக்கிறது. 1998-ல் 'தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவற்ற தன்மைச் சட்டம்' என்ற ஒன்று இயற்றப்பட்டது. விதிகள் 2000-ல் வந்தன. அரசுத் துறைகளுக்கு மட்டுமல்லாமல், உள்ளாட்சி அமைப்புகளுக்கும் இது பொருந்தும். கர்நாடகம் இதேபோன்ற சட்டத்தைக் கொண்டுவந்தது அடுத்த ஆண்டுதான்.

சட்டம் சொல்வது எளிமையானது. டெண்டர் அறிவிப்பு வெளிப்படையாக வரவேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தரவேண்டும். அவகாசத்தைக் குறைக்கவேண்டுமானால், மேல்நிலை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து அனுமதிக்க வேண்டும். தகுதியான நிறுவனங்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. அந்தக் குறைந்த விலையும் சந்தை நிலவரத்தைவிட அதிகமாக இருந்தால், அவரிடம் மட்டும் பேசி விலையைக் குறைக்கலாம். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பேரம் பேச முடியாது. யாருக்கு வேலை கொடுக்கப்பட்டது, மற்றவர்கள் ஏன் நிராகரிக்கப்பட்டார்கள் என்ற விவரமும் டெண்டர் இதழுக்குப் போகவேண்டும். முடிவில் குறை இருப்பதாக நினைக்கும் ஒப்பந்ததாரர் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஒரு காலத்தில் அலுவலக வாசலில் ஒரு பெட்டி இருக்கும். அதில் டெண்டர் கவரைப் போடவிடாமல் தடுக்க ஆள் நிறுத்துவார்கள். கடைசி நாளில் விண்ணப்பப் படிவமே தீர்ந்துபோகும். இப்போது எல்லாம் இணையவழி. தமிழக அரசின் மின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் போய், எந்த உள்ளாட்சி எந்தப் பணிக்கு டெண்டர் விட்டிருக்கிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம். பெட்டிக்கு முன்னால் நின்ற ஆள் காணாமல் போய்விட்டார். ஆனால், ஓட்டை எல்லாம் அடைபட்டுவிட்டதா?

சட்டம் சரி... சந்து எங்கே?

டெண்டரில் நடக்கும் தில்லுமுல்லு, டெண்டர் நாளன்று நடப்பதில்லை. அதற்கு முன்பும் பின்பும்தான் நடக்கிறது.

முதல் சந்து, நிபந்தனைகள். 'இன்ன இயந்திரம் சொந்தமாக இருக்கவேண்டும்', 'இன்ன தொகைக்கு இத்தனை ஆண்டுக்குள் வேலை முடித்திருக்கவேண்டும்' என்பவை நியாயமான நிபந்தனைகளாகத்தான் தெரியும். ஆனால், அந்த ஊரில் அந்த இயந்திரம் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது என்றால், அது நிபந்தனை அல்ல, அழைப்பிதழ்.

இரண்டாவது, பிரித்தல். ஒரே நீளமான வேலையைத் துண்டு துண்டாக வெட்டினால், ஒவ்வொன்றின் மதிப்பும் குறைந்துவிடும். குறைந்த மதிப்புக்குக் குறைந்த அவகாசம் போதும், கீழ்நிலை அதிகாரியின் அனுமதியே போதும். அடுத்தடுத்த மூன்று தெருக்களுக்கு ஒரே வாரத்தில் தனித்தனி டெண்டர் வந்தால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை. நியாயமான காரணமும் இருக்கலாம். அது எழுத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, சிண்டிகேட். நான்கு ஒப்பந்ததாரர்கள் கூடிப் பேசி, 'இந்தத் தடவை உனக்கு, அடுத்த தடவை எனக்கு' என்று முறை வைத்துக்கொள்வது. மற்ற மூவரும் பேருக்கு அதிக விலை கேட்பார்கள். காகிதத்தில் போட்டி இருக்கும், விலையில் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு டெண்டரைப் பார்த்தால் போதாது. ஓர் ஆண்டு டெண்டர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அதே நான்கு பெயர்கள் இடம் மாறி மாறி வருவது தெரியும்.

நான்காவதுதான் பெரிய சந்து. அது அளவுப் புத்தகம். பொறியாளர்கள் 'எம் புக்' என்பார்கள். எத்தனை மீட்டர் போட்டார்கள், எத்தனை கனத்தில் போட்டார்கள் என்று பொறியாளர் அளந்து எழுதும் ஏடு அது. அதன்படிதான் பில். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 200 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள தெரு. 4 சென்டிமீட்டர் கனத்துக்குத் தார்க்கலவை போடவேண்டும் என்று மதிப்பீடு. அப்படியானால் 40 கன மீட்டர் கலவை தேவை. 3 சென்டிமீட்டர் மட்டும் போட்டுவிட்டு 4 என்று எழுதினால், 10 கன மீட்டர் கலவை காணாமல் போகிறது. அதாவது, கலவையில் கால் பங்கு! நீளத்தையும் அகலத்தையும் யாரும் டேப் வைத்து அளந்துவிடலாம். கனம் மட்டும் தார் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்த மழையில்தான் அது வெளியே வரும்.

மேலே சொன்ன 'சுரண்டல்' கதையும் இங்கேதான் இருக்கிறது. மதிப்பீட்டில் மில்லிங்குக்கு என்று தனியாகத் தொகை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்து, தெருவில் அந்த இயந்திரமே வராமல் போயிருந்தால், கேள்விக்கு வேறு ஆதாரம் வேண்டாம். தெருவில் வசிக்கும் அத்தனை பேரும் சாட்சிதான்.

'அனுமதிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்

இந்தக் காகிதங்களில் முக்கியமானவை எல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் மன்றத்துக்கு வந்தாகவேண்டும். மன்றக் கூட்டம் என்றால், செய்திகளில் வருவது வெளிநடப்பும் கூச்சலும்தான். கறுப்புச் சட்டை, காலிக்குடம், மைக் பறிப்பு எல்லாம் டி.வி-யில் வரும். அதற்கு நடுவே அமைதியாக நடக்கும் ஒன்று டி.வி-யில் வராது. அதுதான் தீர்மானங்கள் நிறைவேறுவது.

ஒவ்வொரு விஷயமும் ஒரு 'பொருள்' என்ற எண்ணோடு வரும். கீழே அலுவலகக் குறிப்பு இருக்கும். கடைசியில் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்' என்று முடியும். உறுப்பினர்கள் பேசி முடித்ததும், 'அனுமதிக்கப்பட்டது' என்று ஒற்றைச் சொல்லில் தீர்மானம் பதிவாகும். பெரிய மாநகராட்சிகளில் ஒரே கூட்டத்தில் நூறு பொருள்கள்கூட வருவதுண்டு. மூன்று மணி நேரக் கூட்டத்தில் நூறு பொருள் என்றால், ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. பல லட்சம் ரூபாய்க்கான வேலை, டீ ஆறுவதற்குள் முடிவாகிவிடும்.

இன்னொரு சொல்லும் கவனிக்கவேண்டியது. அது, 'பின்னேற்பு'. அவசரம் என்று சொல்லி வேலையை முதலில் முடித்துவிட்டு, பிறகு மன்றத்தின் ஒப்புதலைக் கேட்பது. வெள்ளம் வந்தால் மோட்டார் பம்ப் வாடகைக்கு எடுக்க அடுத்த கூட்டம் வரை காத்திருக்க முடியாது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் டெண்டர் அறிவிப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. டெண்டர் சட்டமே இயற்கைப் பேரிடர் போன்ற அவசரங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால், வழக்கமாக வரும் வடகிழக்குப் பருவமழைக்குத் தயாராவதும் ஒவ்வோர் ஆண்டும் 'அவசரம்' ஆகிவிட்டால்? அக்டோபரில் மழை வரும் என்பது ஜனவரியிலேயே எல்லோருக்கும் தெரியும் அல்லவா? ஒரு மன்றத்தில் பின்னேற்புத் தீர்மானங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே, அந்த ஊர் நிர்வாகத்தின் நாடித்துடிப்பு தெரிந்துவிடும்.

கவுன்சிலருக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. தான் உறுப்பினராக இருக்கும் உள்ளாட்சியின் ஒப்பந்தத்தில் அவருக்குப் பங்கோ ஆதாயமோ இருக்கக் கூடாது. இருந்தால் பதவிக்கே ஆபத்து. 'அதான் மைத்துனர் பேரில் எடுப்பாங்களே' என்று டீக்கடையில் சொல்வார்கள். சட்டத்துக்கு மைத்துனரைத் தெரியாது. தெருவுக்குத் தெரியும்.

தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணத்தில் இருக்கும் உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இதையெல்லாம் பத்தாம் நூற்றாண்டிலேயே யோசித்திருக்கிறது. குடவோலை முறைக்காகப் புகழ்பெற்ற கல்வெட்டு அது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்லும்போது, முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு மறுபடி இடமில்லை என்கிறது. அவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. மைத்துனர் பிரச்னை அன்றைக்கே இருந்திருக்கிறது! அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஒரு சாராருக்கானது, பெண்களுக்கோ மற்றவர்களுக்கோ அதில் இடமில்லை என்பது வேறு விஷயம். ஆனால் 'கணக்கைக் காட்டு, அப்புறம் பதவியைக் கேள்' என்ற விதி இன்றைக்கும் பொருந்துகிறது.

மன்றமே இல்லாத ஊர்

மன்றத்தில் கூச்சல், கமிஷன், கோஷ்டி எல்லாம் இருக்கிறது. பேசாமல் மன்றத்தையே எடுத்துவிட்டு அதிகாரிகளிடம் விட்டால் என்ன? இப்படிக் கேட்பவர்கள் நிறைய பேர். தமிழ்நாடு அதையும் செய்து பார்த்திருக்கிறது.

1688-ல் தொடங்கப்பட்டது சென்னை மாநகராட்சி. அதில் 1973-ல் வெடித்தது 'மஸ்டர் ரோல்' ஊழல். மஸ்டர் ரோல் என்றால், தினக்கூலிக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியல். வேலைக்கு வராதவர்களையும் இல்லாத ஆட்களையும் வந்ததாக எழுதி, அவர்கள் பெயரில் கூலி எடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அன்றைய முதல்வர் மு.கருணாநிதியின் அரசு, அந்த ஆண்டின் இறுதியில் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தது. தவறு செய்தவர்களைத் தண்டித்துவிட்டுச் சீக்கிரமே தேர்தல் வைத்திருந்தால், அது ஒரு சுத்திகரிப்பாக முடிந்திருக்கும். ஆனால், அடுத்த மாநகராட்சித் தேர்தல் நடந்தது 1996-ல்! மு.க.ஸ்டாலின், மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயராகப் பொறுப்பேற்றது அந்தத் தேர்தலில்தான். இடைப்பட்ட சுமார் 23 ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின, முதல்வர்கள் மாறினார்கள். சென்னைவாசிக்குக் கவுன்சிலர் மட்டும் இல்லை. சில பேர் எழுதிய பொய்க் கணக்குக்கு, ஒரு நகரமே வாக்குரிமையை அபராதமாகக் கட்டியது.

1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம், இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் நடந்தது. 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலுக்கான அறிவிப்பை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. அதன் பிறகு வழக்கு, வார்டு மறுவரையறை, கொரோனா என்று தள்ளிக்கொண்டே போய், நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தாம்பரம், பல்லாவரம், பம்மல் உட்பட தமிழ்நாட்டு நகரங்கள் அத்தனையிலும் தனி அலுவலர்களே மன்றம். டெண்டரும் நடந்தது, சாலையும் போட்டார்கள். ஆனால், மதிப்பீட்டைத் தயாரித்த அலுவலகமே மன்றத்தின் இடத்திலிருந்து அதை அனுமதித்தது. 'இது எதுக்கு இவ்வளவு?' என்று எழுந்து கேட்க ஓர் எதிர்க்கட்சி கவுன்சிலர்கூட இல்லை.

கூச்சல் போடும் மன்றம் தொல்லைதான். ஆனால், கேள்வியே எழாத மன்றம் அதைவிடத் தொல்லை.

பத்து ஊர், எழுபது பேர்

அந்த இடைவெளியில்தான் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டன. 2022 மார்ச்சில், 25 வயது வசந்தகுமாரி கமலக்கண்ணன் அதன் முதல் மேயரானார்.

மாநகராட்சி ஆனால் நிதி கூடும், திட்டங்கள் பெரிதாகும், பொறியாளர்கள் அதிகம் வருவார்கள். நன்மைதான். அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. பழைய தாம்பரம் நகராட்சியில் மட்டும் 39 வார்டுகள். பல்லாவரத்தில் 42. இரண்டும் சேர்ந்தாலே 81. இப்போது பத்து ஊருக்கும் சேர்த்து வார்டுகள் 70. வரவு செலவு பெரிதானது. அதைக் கண்காணிக்கும் கண்களின் எண்ணிக்கை குறைந்தது. பேரூராட்சியாக இருந்தபோது மாடம்பாக்கத்துக்காரர் பக்கத்துத் தெருவில் போய்க் கேட்ட கேள்விக்கு, இப்போது மண்டல அலுவலகம், அங்கிருந்து தலைமை அலுவலகம் என்று அலையவேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஊருக்குள் நடக்கும் எல்லா வேலையும் மாநகராட்சியின் வேலை அல்ல. ஜி.எஸ்.டி சாலை நெடுஞ்சாலைத் துறை சார்ந்தது. சிட்லபாக்கம் ஏரியைச் சீரமைக்க 2019-ல் ரூ.25 கோடி அறிவிக்கப்பட்டபோது, அந்த வேலை பொதுப்பணித் துறையிடம் போனது. எந்தத் துறையின் வேலை என்று தெரியாமல் கவுன்சிலரைத் திட்டிக்கொண்டிருந்தால், உண்மையில் பதில் சொல்லவேண்டியவர் நிம்மதியாகத் தூங்குவார்.

தூரத்தைக் குறைக்கத்தான் பகுதி சபைகள் வந்தன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அங்கே குடியிருப்பவர்கள் கவுன்சிலர் முன்னிலையில் கூடிப் பேசுவது. கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்துக்குப் பகுதி சபை. அதற்கான விதிகள் 2022-ல் வெளியாயின. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்கக் கூட்டங்கள் நடந்தபோது, முதல்வர் மு.க.ஸ்டாலின் வந்து உட்கார்ந்தது தாம்பரம் மாநகராட்சியின் 6-வது வார்டில், பம்மலில்தான். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டமும், அதற்கான புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்தன. மேடை இருக்கிறது. முதல்வர் வராத நாளிலும் அங்கே நாற்காலிகள் நிரம்புகின்றனவா என்பதுதான் கேள்வி.

அதே பட்டியல்... வேறு முடிவு!

மஸ்டர் ரோல் என்ற அதே காகிதம், நாட்டின் இன்னொரு மூலையில் வேறொரு வரலாற்றை எழுதியது. ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் உள்ளிட்டோர் 1990-ல் தொடங்கிய அமைப்பு, மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். பஞ்சம் போக்கும் வேலைகளில் கூலி சரியாகக் கிடைக்காத தொழிலாளர்கள், 'எங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறீர்கள், காட்டுங்கள்' என்று கேட்டார்கள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட்கிரானா கிராமத்தில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை நடந்தது. வேறொன்றுமில்லை. கணக்கை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். 'இவர் இத்தனை நாள் வேலை செய்தார்' என்று பெயர் படிக்கப்பட்டதும், கூட்டத்தில் இருப்பவர்களே 'இல்லை' என்று சொன்னார்கள்.

அதற்குத் தணிக்கையாளர் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரரே தணிக்கையாளர் ஆனார். அந்த இயக்கம் வளர்ந்துதான், 2005 அக்டோபர் 12-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பெரும் உந்துதலானது. சென்னையில் மஸ்டர் ரோல் ஊழலுக்கு மன்றத்தின் கதவைச் சாத்தினார்கள். ராஜஸ்தானில் அதே ஊழலுக்குக் காகிதத்தின் கதவைத் திறந்தார்கள். எது பலன் கொடுத்தது என்று சொல்லவேண்டியதில்லை.

உலகின் மறுகோடியில் உக்ரைனும் அதே வழியில் போனது. 2016 முதல் அங்கே அரசுக் கொள்முதல் எல்லாம் 'ப்ரோசோரோ' என்ற மின்னணு முறைக்கு மாறியது. 'எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம்' என்பது அதன் முழக்கம். அங்கே டெண்டர் ஆவணங்களைப் பார்த்துத் தவறுகளைச் சுட்டிக்காட்ட, பொதுமக்களுக்கென்று தனித் தளமும் தொடங்கினார்கள். இணையதளம் மட்டும் இருந்தால் போதாது, அதைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதை அவர்களும் உணர்ந்திருந்தார்கள்.

நீங்கள் கேட்கலாம்... இப்படி!

ஒரு தெருவில் நாலு பேர் சேர்ந்தால் செய்யக்கூடியவை இவை:

* வேலை தொடங்கும்போதே பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர், முடிக்கவேண்டிய தேதி ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அறிவிப்புப் பலகை வைத்திருந்தால், செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஊழல் நடந்ததா?' என்று கேட்டால் பதில் வராது. 'இந்தப் பணியின் மதிப்பீடு, மன்றத் தீர்மானம், பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், இறுதி பில் ஆகியவற்றின் நகல்' என்று காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

* பலருக்குத் தெரியாத ஓர் உரிமை: அதே சட்டம், ஆவணத்தை மட்டுமல்ல, பணியையே நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் இடம் கொடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு சென்டிமீட்டரைத் தேடும் வழி இதுதான்.

* சாலை போட்டு முடித்த பிறகும், குறிப்பிட்ட காலம் வரை குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பு ஒப்பந்ததாரருக்கு உண்டு. அந்தக் காலம் எதுவரை என்று கேட்டு வைத்துக்கொண்டால், அதற்குள் விழும் பள்ளத்துக்கு மாநகராட்சி மறுபடி செலவழிக்கவேண்டியதில்லை.

* பகுதி சபையில் 'சாலை வேண்டும்' என்று மட்டும் கேட்காமல், 'போன சபையில் கேட்டது என்ன ஆனது?' என்றும் கேளுங்கள். கேட்டது பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதில் எதற்கும் ஆவேசம் தேவையில்லை. நேர்மையான பொறியாளர்களும், கடன் வாங்கி வேலையை முடித்துவிட்டு பில்லுக்காக மாதக்கணக்கில் நடையாய் நடக்கும் ஒப்பந்ததாரர்களும் இருக்கிறார்கள். கேள்வி கேட்கும் தெரு அவர்களுக்கும் பாதுகாப்பு. 'மக்கள் பார்க்கிறாங்க சார், என்னால முடியாது' என்று ஒரு பொறியாளர் சொல்ல முடிந்தால், அவருக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை.

தென்புறநகரில் அடுத்த மழைக்கு முன்பாகவும் சில தெருக்களுக்குப் புதுச் சாலை வரும். இயந்திரம் வந்து பழைய தாரைச் சுரண்டுகிறதா என்று காலையில் பால் வாங்கப் போகும்போதே பார்த்துவிடலாம். சுரண்டவில்லை என்றால், தார் ஊற்றுவதற்கு முன்பே பொறியாளருக்கு ஒரு போன் செய்யலாம். ஊற்றிய பிறகு கேட்டால் விசாரணை நடக்கும். ஊற்றும் முன் கேட்டால், வீட்டுக்குள் தண்ணீர் வராது.